ஆடி பிறக்கும்வரை ஒரு கூடு

ஆனி 8, ஞாயிறு

காற்று. விடிந்ததிலிருந்தே. குற்றாலத்தில் சாரல் என்று டிவியில் காட்டுகிறார்கள். சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்வது மண்ணும் காய்ந்த வேப்பிலையும்தான். துவைத்த இரண்டு சேலையும் செங்கல் நிறம்.

கொடிக்கம்பியில், என் அறைப்பக்கத்து முனையில், தேன்சிட்டு கூடு கட்டி முடித்து ஒரு வாரமாயிற்று. சுருக்குப்பை மாதிரி தொங்குகிறது. சிலந்தி வலை, மரப்பட்டைத் தூள், எதிர்வீட்டுத் தறியிலிருந்து பறந்து வரும் பஞ்சு, நடுவில் ஓர் இழை ரோஸ் நூல். வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம் வேறு இறக்கியிருக்கிறது. எல்லாம் பெட்டை கட்டியது. ஆண் மினுமினுவென்று கம்பியில் உட்கார்ந்து பாட்டு மட்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஏற்பாடு.

மத்தியானம் அண்ணன் வந்து வாசலில் நின்றான். (நேரில் வாங்க போங்க. இங்கே அவன் இவன். இங்கேகூட மரியாதை கொடுக்க முடியாது.)

"ஏட்டி சரசு, புதன்கிழமை கொத்தனார் வருதாரு. ஆனிக்குள்ள இத இடிச்சு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிரணும். சாமானக் கட்டி வையி."

இத என்றால் என் அறை. அப்பா எனக்காகக் கட்டியது. திருப்பூரில் என்னைக் கட்டிய அந்த ஆள் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கி, நான் ஒரு பெட்டியோடு திரும்பி வந்த வருஷம், பின்கட்டில் இந்த அறையையும் குளியலறையையும் எழுப்பினார். "நீ இருக்கிற வரைக்கும் ஒனக்கு" என்றார். வாயால் சொன்னதுதான். அப்பா போன பிறகு, வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்ற பத்திரத்தை நீட்டி, "பேருக்கு ஒரு கையெழுத்து" என்றார்கள். போட்டேன். ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள். இந்த ஊரில் கூடப்பிறந்தவள்கள் எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம், பிறகு சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அண்ணன் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். வருகிற பெண்ணுக்கு பாத்ரூமோடு சேர்ந்த அறை வேண்டுமாம்.

வாங்க வேண்டியது: சோப்பு, கொசுவர்த்தி, முட்டுக்குத் தைலம்.

ஆனி 9, திங்கள்

ஆபீசில் வேலை ஓடவில்லை. பி.டி.ஓ. ஒரே கோப்பை மூன்று முறை கேட்டார். மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது, அதுதான் இன்றைய வரவு.

யோசித்தது இது. மாடியில் தூண் எழுப்பிப் பாதியில் நிற்கிறது. அங்கே கட்டலாம். மதினிக்கு, அதாவது அண்ணன் வீட்டுக்காரிக்கு, மருமகள் தன் கண் பார்வையில், கீழேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் என் அறை. ஆனால் ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புதிதாக எதையும் இடிக்க மாட்டார்கள், தோண்ட மாட்டார்கள். பாதியில் நிற்கிற வேலையைத் தொடரலாம், தோஷமில்லை. ஆவணிக்குக் காத்திருந்தால் கல்யாணத்துக்குள் அறை எழும்பாது. ஆக, ஆனியைத் தாண்டிவிட்டால் மாடிதான். என் அறை தப்பும்.

வாடகைக்குப் போகலாமே என்று ஆபீசில் கேட்பார்கள். போகலாம். சம்பளம் வருகிறது. ஒரு வீட்டிலிருந்து பெட்டியோடு கிளம்பி வந்தாயிற்று. இன்னொரு தடவையும் கிளம்பினால் எனக்கு வந்த இடம், போகிற இடம் என்று எதுவும் மிச்சமில்லை. இதை யாரிடம் சொல்வது.

ஆனி 11, புதன்

சி.எல். போட்டு வீட்டில் இருந்தேன். கொத்தனார் வந்தார். மாடசாமி, கரிவலம்வந்தநல்லூர்க்காரர், சின்ன வயசு. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். பெட்டை கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அலகு மட்டும் வெளியே, ஊசி மாதிரி.

"அண்ணாச்சி, இதுல அடையிருக்கு."

"அதுக்கென்ன வே. கூட்ட எடுத்து அந்த முருங்கையில கட்டிருவோம்."

"இடத்த மாத்துனா தாய் வராது. என் வீட்ல மாசமா இருக்கா, இதுதான் மாசம். இந்த நேரத்துல நான் கூட்டக் கலைக்க மாட்டேன். வேற யாரையாவது வச்சு இடிச்சுக்கிடுங்க, நான் அப்புறமா வந்து கட்டித் தாரேன்."

அண்ணன் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பான். மதினிதான் தடுத்தாள். "கல்யாண வீட்ல முட்டையோட இருக்கிற கூட்டக் கலைச்சா விளங்குமா? ரெண்டு வாரத்துல பறந்துரும். அதுக்குப் பெறகும் ஆனி இருக்குல்ல."

கடைசியில் மூன்று பேரும் குருவிக்காக நின்றார்கள். எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குருவியைக் கலைத்தால் பாவம். கூட்டுக்கு மூன்றடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன், என்னைப் பற்றி யாருக்கும் எந்தப் பாவமும் நினைவுக்கு வரவில்லை.

பரவாயில்லை. நன்றி தேன்சிட்டே.

ஆனி 13, வெள்ளி

இரவலாக மதினியின் கொடியில் துணி காயப்போட்டேன். ஒரு மணி நேரத்தில் மடித்து என் வாசலில் வைத்துவிட்டாள், அரைகுறை ஈரத்தோடு.

பஸ்ஸில் பின்சீட்டில் ஒருவர் போனில்: "சாரல் பூரா அங்கன, தூசி பூரா நமக்கு. வாங்கி வந்த வரம்."

பெட்டை சாப்பிட மட்டும் வெளியே போகிறது. எதிர்வீட்டுச் செம்பருத்தி, பிறகு முருங்கைப்பூ, திரும்பி வந்து அடை. இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு பொறுமை எங்கே வைத்திருக்கிறதோ. எனக்கும் இருந்தது, இருபது வருஷத்துக்கு முன்னால். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அதனிடம் சொல்லலாம்.

ஆனி 16, திங்கள்

பொரித்துவிட்டது. காலையில் முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று துவைகல்லில் கிடந்தது. சுண்டுவிரல் நகம் அளவு.

ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ஏன் என்று கோப்புகளைப் புரட்டும்போது புரிந்தது: இன்று பொரித்தால் பறப்பதற்கு ஆனி முடிந்துவிடும். குஞ்சுகளைப் பார்த்து வந்த சந்தோஷம் இல்லை, கணக்குப் பார்த்து வந்த சந்தோஷம். நான் மட்டும் என்ன.

ஆனி 18, புதன்

ஆணும் இப்போது இரை கொண்டு வருகிறான். மஞ்சள் வயிறு, வெயிலில் ஊதாவும் செம்மண்ணும் கலந்த முதுகு. ஒரு தடவை கொடுத்துவிட்டு நான்கு தடவை பாடுகிறான். பெட்டை ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையை எடுத்துப்போய் முருங்கைக்கு அப்பால் போட்டுவிட்டு வருகிறது. குஞ்சுகளின் கழிவு. அதற்குப் பாட்டு கிடையாது.

மதினி வந்து எட்டிப் பார்த்தாள். "எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டும் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு மதினி."

இத்தனை வருஷத்தில் என் வாசலுக்கு வந்து அவள் நலம் விசாரித்தது இதுதான் முதல் தடவை.

ஆனி 20, வெள்ளி

சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தார்கள். நான் பின்கட்டிலேயே இருந்தேன், யாரும் கூப்பிடவில்லை. கேசரி ஒரு கிண்ணத்தில் வந்தது. பெண்ணின் அம்மா குரல் கேட்டது: "பின்னால யாரு இருக்கா?" மதினி: "அது எங்க வீட்டு நாத்தனாரு. ஆபீசு போறா. சீக்கிரம் அவளும் தனியாப் போயிருவா."

அவளும். நான் ஏதோ சொந்த விருப்பத்தில் போகிற மாதிரி.

கேசரியில் முந்திரி இல்லை.

ஆனி 22, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

காலையில் காய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மதினி ஒரே குதூகலம். "சரசு, செம்போத்து வந்துச்சு. பின்சுவர் மேல நடந்து வலமாப் போச்சு. கல்யாணத்துக்கு நல்ல சகுனம்." கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

பிறகு பின்னால் வந்தேன். கூட்டின் சுவர்ப்பக்கம் கிழிந்து பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை. ஒன்றும் இல்லை. இரண்டையும் தின்றுவிட்டு வலமாகப் போயிருக்கிறது.

பெட்டை வந்தது, வாயில் பச்சைப் புழு. உள்ளே தலையை விட்டது. அதே புழுவோடு வெளியே வந்தது. மறுபடி விட்டது. மறுபடி அதே புழு. நான் துவைகல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போ, போய்விடு என்று வாய்விட்டுச் சொன்னேன். போகவில்லை.

அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. அது நிற்பதற்குள் இன்னொன்றும் வந்தது: ஆனி இன்னும் பத்து நாள் இருக்கிறது.

கொத்தனாருக்குத் தெரிந்தால் நாளைக்கே கடப்பாரை.

பெட்டை செம்பருத்திப் பக்கம் போன நேரம் ஊசியும் வெள்ளை நூலும் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். கிழிசலைத் தைத்தேன். எட்டுத் தையல் இருக்கும். பஞ்சை உள்ளே தள்ளி, வெளியே மண்ணைத் தடவிவிட்டேன். வீட்டுக்காரர் சட்டைக்குப் பித்தான் தைத்த காலத்துக்குப் பிறகு இத்தனை கவனமாக எதையும் தைத்ததில்லை.

சமையல் இல்லை. காலைச் சோறு.

ஆனி 23, திங்கள்

பெட்டை இரண்டு முறை வந்தது. கம்பியில் உட்கார்ந்து கத்தியது. மதினி அடுப்படி ஜன்னலிலிருந்து, "குஞ்சு கேக்குது போல" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆனி 25, புதன்

இன்று வரவில்லை. ஆணும் இல்லை. எதிர்வீட்டுச் செம்பருத்தியில்கூடக் காணோம்.

மாலை மாடசாமி வாசலில் பைக்கை நிறுத்தி அண்ணனைக் கேட்டார்: "பறந்துட்டா அண்ணாச்சி?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "கேளு, அவதான் பக்கத்துல இருக்கா."

"இன்னும் றெக்கை முளைக்கல" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. பொய் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பாதி வாழ்க்கை போயிற்று. இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் திருப்பூரிலேயே இரண்டு சொல்லியிருக்கலாம்.

மாடசாமி கிட்டே போகவே இல்லை. தூரத்தில் நின்று கும்பிடுகிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். யாருமே உள்ளே பார்ப்பதில்லை. நம்புகிறவர்களுக்குப் பார்க்கத் தேவையில்லை போலும்.

தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஆனி 28, சனி

வேண்டாத காரியம் ஒன்று நடந்தது.

பத்து மணிக்கு மாடசாமி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இசக்கி. இருபத்திரண்டு இருக்குமா. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியாம். வயிறு நன்றாக இறங்கியிருந்தது, பைக்கிலிருந்து இறங்கவே கைபிடிக்க வேண்டியிருந்தது.

"அக்கா, இவ அந்தக் கூட்டப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். 'எனக்காகத்தான நீங்க கலைக்கல, நான் பாக்காண்டாமா'ன்னு கேக்குதா."

அவள் கம்பிக்குக் கீழே வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"ரெண்டு குஞ்சாக்கா?"

"ரெண்டு."

"சத்தமே காணோம்."

"தூங்குதுங்க. வெயிலு ஏறினா தூங்கிரும்."

"தாயி எங்க?"

"இர எடுக்கப் போயிருக்கு."

சிரித்தாள். பல்வரிசை அழகு. "எனக்கு ராத்திரி பூரா பயமா இருக்குக்கா. எங்க அம்மா இல்ல. இவுக சொன்னாவ, அங்கன ஒரு குருவி எப்பிடி அடகாக்கு தெரியுமா, நீ என்ன பயப்படுதன்னு. இப்பப் பாத்துட்டேன்லா, இனி பயமில்ல."

வெறும் பையைப் பார்த்துப் பயம் போன பெண். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்றேன், வேண்டாம் என்றாள். நல்லபடியா வா என்றேன். அதை மட்டும் மனதாரச் சொன்னேன்.

அவர்கள் போனதும் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைப்பு வந்தது. ஆகாது. கூட்டுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன சம்பந்தம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று இதே பக்கத்தில் நூறு தடவை எழுதினாலும் நெஞ்சு கேட்காது.

ஆனி 29, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். அம்மன் சன்னதியில் நெடுநேரம். எனக்காக எதுவும் கேட்கவில்லை. கரிவலம் பெண்ணுக்காக மட்டும். புற்றுமண் கொஞ்சம் மடித்து எடுத்து வந்தேன், நெற்றியில் இட்டுக்கொண்டேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இப்போதே கடை போட இடம் பிடிக்கிறார்கள். வளையல்காரர் ஒருவர், பலூன்காரரிடம்: "போன வருசம் என் இடத்துல நீ நின்ன. இந்த வருசம் நடக்காது வே."

எல்லாருக்கும் இடம்தான் பிரச்சினை.

ஆனி 30, திங்கள்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். ஆபீஸ் விட்டு வந்ததும் மதினிதான் சொன்னாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ என்னட்டி இப்பிடி அழுத, ஒனக்குப் பொறந்த மாதிரி" என்றாள்.

மாடசாமி லட்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஒன்று, கூட்டுக்கு என்று ஒன்று. அதைத் துவைகல்லில் வைத்திருந்தார்கள். எறும்பு மொய்த்துவிட்டது.

ஆனி 31, செவ்வாய்

நிலைமை கைமீறிப் போகிறது. எதிர்வீட்டு அக்கா தன் மகளை அழைத்து வந்தாள். மூன்று வருஷமாக வரன் தகையாத பெண். "ராசியான கூடாம்லா, பாத்துட்டுப் போறோம்." அந்தப் பெண் போன் பார்த்துக்கொண்டே நின்றது. அம்மா இடித்ததும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது, மறுபடி போன். அவளைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

மதினி இப்போது பெருமையாகச் சொல்கிறாள்: "எங்க வீட்ல குருவிக்காகக் கட்டட வேலையே நிறுத்திட்டோம்." கேட்கிறவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டுகிறார்கள். நல்ல மனசு உங்களுக்கு என்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். என் தையல் பிரியாமல் இருக்க வேண்டும்.

ஆனி 32, புதன்

காற்று இல்லை. அதிசயம். கூடு அசையாமல் தொங்குகிறது.

யாரும் கடப்பாரையோடு வரவில்லை. மாலை அண்ணன் கூடத்தில் போனில் பேசுவது கேட்டது: "மாடியிலயே போட்டுருவோம் மாடசாமி. நாளைக்கு செங்கல் ஏத்திரு. பழைய வேலதான, ஆடியா இருந்தா என்ன." மதினி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டேன். எழுதிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் தோன்றவில்லை. கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து சேலைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். அந்தப் பட்டுச்சேலையை மட்டும் அடியில் போட்டேன்.

ஆடி 1, வியாழன்

காலையிலிருந்து தலைக்கு மேல் செங்கல் இறக்கும் சத்தம். நல்ல சத்தம் என்று நினைத்துக்கொண்டே ஆபீஸ் கிளம்பினேன்.

அண்ணன் கத்தரிக்கோலோடு பின்னால் வந்தான். மதினிக்கு இந்தக் கொடியும் வேண்டுமாம். பறந்துவிட்டதா என்று கேட்கவில்லை. கம்பியிலிருந்து கூட்டை வெட்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திருப்பினான். தையல் இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"நல்லாத்தான் தச்சிருக்க."

ஆபீஸ் பையைத் துவைகல்லில் வைத்தேன்.

"செம்போத்து வந்தன்னைக்கு நான் மாடியிலதான் நின்னேன். ரெண்டையும் தூக்குனதப் பாத்தேன். பெறகு நீ ஸ்டூலப் போட்டு ஏறுனதையும் பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

"ஆமா."

"மதினிட்ட சொல்லலையா?"

"சொல்லல. கொத்தனார்ட்டயும் சொல்லல."

பத்து நாள். பத்து நாளும் தெரிந்துகொண்டே, "கேளு, அவதான் பக்கத்துல இருக்கா" என்று மாடசாமியை என்னிடம் அனுப்பியிருக்கிறான். என் பொய்க்கு வாசல் திறந்து வைத்து நின்றிருக்கிறான். அப்பா போன பிறகு இந்த வீட்டில் எனக்கென்று ஒருவன் ஒரு காரியம் செய்திருக்கிறான். "அண்ணே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கூடு எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் நசுங்கியது.

"ஏட்டி, அழாத. நீ வேற மாதிரி நெனச்சுக்கிடாத" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான். கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "அன்னைக்குக் காலையிலதான் சம்பந்தி வீட்ல போன்ல கேட்டாவ. கூடப்பொறந்தவள வெளிய அனுப்பிட்டா எங்க பிள்ளைக்கு ரூம் கட்டுதீங்கன்னு. எவனோ போய்ச் சொல்லிருக்கான். சரின்னு வேலைய நிறுத்துனா ஒன் மதினி விடமாட்டா. குருவின்னதும் அவளும் வாய மூடிட்டா. இப்பப் பாரு, ஊர்லயும் நல்ல பேரு. கல்யாணம் முடியட்டும். ஒன் மதினிக்கு மருமக கீழதான் இருக்கணும், பொங்கல் கழிஞ்சதும் இத இடிச்சிருவோம். அதுக்குள்ள நெதானமா ஒரு இடம் பாத்துக்கிடு, அவசரமில்ல."

சரி என்றேன். கூட்டைக் குப்பைவாளியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு மாடிக்குப் போனான்.

பஸ்ஸைத் தவற விட்டேன். லீவும் சொல்லவில்லை. போன் அடிக்கிறது, பி.டி.ஓ. தான்.

வீடு போவது இன்று புதிதில்லை. அதைப் பொறுத்துக்கொள்வேன். ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், எனக்காகச் செய்தான் என்று நம்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அதைத்தான் என்னால்...